இரண்டாவது இறுவட்டின் முடிவில்

நேற்றுப் பின்னேரம் என் கணவர் ஒரு புதிய வீடியோ விளையாட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். மட்டையைப் பிரித்து, பொதிந்திருந்த ரெஜிபோம் நுரைக்கட்டிகளை ஒதுக்கிவிட்டு, பெட்டியை மேசையில் வைத்து நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இறுவட்டுப் போடுகிற இடத்தைக் காணவில்லை.

“இதுக்கு டிஸ்க் எங்காலை போடுறது?”

“டிஸ்க் இல்லாத மொடல். எல்லாம் இன்டர்நெட் லைனிலை இறக்கிறதுதான்” என்றார் இவர்.

முதல் விளையாட்டு இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. நூறு கிகாபைட்டுக்கு மேல். கணக்கு ரீச்சர் அல்லவா, உடனே மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்: உம்முடைய டிவிடியில் பன்னிரண்டு தேவை. இதை உமக்குச் சொன்னால் என்ன சொல்வீர் என்று யோசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நீர் போய் மூன்று வருடமாகிறது. சொல்ல வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன். இறங்கி முடிய இன்னும் நேரம் இருக்கிறது.

நாம் பழகத் தொடங்கியது என் பெருவிரலால்தான். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு, பருத்தித்துறையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு நீர் மனையியல் ஆசிரியையாக மாற்றலாகி வந்தீர். நீர் குருநகர், நான் இணுவில். இருவருமே யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு வந்துதான் காலை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். முதல் கிழமை முழுவதும் ஒருவரோடொருவர் பேசவேயில்லை. பிறகு ஒருநாள், முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த என் வலக்கைப் பெருவிரலைக் குனிந்து பார்த்தீர். அதிலே ஒரு சிறு காய்ப்பு இருந்தது.

“என்ன காணும், கேம் விளையாடுறனீரோ?”

அதுவரை பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத இரகசியம் அது. முப்பத்திரண்டு வயதுக் கணக்கு ரீச்சர் வீட்டில் உட்கார்ந்து விளையாட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? நான் மறுக்க வாயெடுத்தேன். நீர் உம்முடைய பெருவிரலை நீட்டிக் காட்டினீர். அதே இடத்தில் அதே காய்ப்பு.

அன்றிலிருந்து போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம் நமக்குப் போதவில்லை. உம்முடையது வெள்ளைப் பெட்டி. உம்முடைய தம்பி யூட் பாரிஸிலிருந்து அனுப்பியது. என்னுடையது கறுப்பு, என் அண்ணை லண்டனிலிருந்து கொடுத்துவிட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியான பெட்டிகள். உம்முடையதற்கு டிவிடி, இரண்டு அடுக்காகப் பதிந்தாலும் எட்டரைக் கிகாபைட்தான் கொள்ளும். என்னுடையதற்குப் புளூரே, ஐம்பது வரை பிடிக்கும். நான் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

“அஞ்சு டிவிடி என்ரை ஒரு டிஸ்குக்குள்ளை அடங்கிப்போம்” என்பேன்.

“அடங்கும். வாசிக்கிறது மெல்லமாத்தானே? அதாலை முதலே ஹார்ட் டிஸ்கிலை இறக்கிப்போட்டு வா எண்டு சொல்லுது உம்மடை பெட்டி. நீர் இறக்கி முடிக்கிறதுக்கிடையிலை நான் ரெண்டு சண்டை பிடிச்சு முடிச்சிடுவன்.”

அதுவும் உண்மைதான். என் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் எந்நேரமும் நிரம்பி வழிந்தது. புதிதாக ஒன்றை இறக்க, பழையது ஒன்றை அழித்தாக வேண்டும். எதை அழிப்பது என்பதே வல்லை வெளி தாண்டும்வரை நமக்குப் பேச்சாக இருக்கும். உப்புக்காற்று யன்னலால் அடித்து உம்முடைய சேலைத் தலைப்பு என் முகத்தில் விழ, அதைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு வாதாடுவேன். ஒருமுறை கொண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி, “என்ன ரீச்சர், காணிப் பிரச்சினையோ?” என்று அக்கறையாகக் கேட்டது நினைவிருக்கிறதா? நீர் முகத்தில் சிரிப்பில்லாமல், “ஓம் தம்பி, இவவின்ரை காணி பெரிசாம்” என்றீர்.

பிறகு நாம் பேசாமல்போனதற்குப் பிழை என்மேல்தான். ஒரே விளையாட்டை இருவரும் தொடங்கியிருந்தோம். கடல் மூடிவிட்ட தன் ஊரைத் தேடி ஒரு பெண் தனியே வள்ளம் ஓட்டிப்போகிற கதை. எனக்கு ஒரே இறுவட்டு. உமக்கு மூன்று. நான் முந்திவிட்டேன், முடித்தும்விட்டேன். ஒரு இடைவேளையில், ஆசிரியர் அறையில் மற்றவர்கள் இருக்கும்போதே உம்மைச் சீண்டத் தொடங்கினேன். அதற்குள் நம் இரகசியம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் சிரிக்கவும் எனக்கு உசார் ஏறிவிட்டது.

“ஒரு கதையை ஒரு டிஸ்கிலை அடக்கத் தெரியாத பெட்டி. ஆரோ பாவிச்சுக் கழிச்ச பழசை உம்மடை தம்பி அனுப்பிப்போட்டார் போலை.”

நீர் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனீர். அன்று பின்னேரம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடமிருந்தும் முன்னால் போய் இருந்தீர். மறுநாள் பரீட்சைத் தாள் விடயமாக ஏதோ கேட்டேன். “நீங்கள் அதிபரிட்டைக் கேளுங்கோ, ரீச்சர்” என்றீர். ‘நீர்’ போய் ‘நீங்கள்’ வந்த அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதன்பின் வந்த மாதங்களில் எத்தனையோ தடவை உமக்குப் பின்னால் இருந்து உம்முடைய கொண்டையைப் பார்த்தபடி பயணம் செய்தேன். மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு நாளும் நினைத்தேன். பஸ் கோப்பாய்க்கு வர, நாளைக்குக் கேட்போம் என்று விட்டுவிடுவேன்.

சங்கீத ரீச்சர்தான் ஒருநாள் வந்து சொன்னா. உம்முடைய தேவாலயப் பெருநாளுக்கு வீடு துடைத்திருக்கிறீர். உள்ளே இறுவட்டு சுற்றிக்கொண்டிருக்க, ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்திருக்கிறீர். இரண்டாவது இறுவட்டில் வட்டமாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. போட்டால் வாசிக்கவில்லை. பற்பசை பூசித் துடைத்தும் பார்த்தீராம். யாழ்ப்பாணத்துக் கடைகளில் கிடைத்ததெல்லாம் களவாகப் பதிந்த இறுவட்டுகள். அவற்றை உம்முடைய பெட்டி ஏற்காது.

மறுநாள் காலையில் உமக்குப் பக்கத்தில் வந்து இருந்தேன். நீர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்.

“என்னட்டை ஒரு டிஸ்க்தான். கீறலில்லை. வந்து விளையாடும்” என்றேன்.

யன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்.

“நான் விளையாடிச் சேவ் பண்ணினது உங்கடை பெட்டியிலை ஏறாது.”

“தெரியும்.”

“அப்ப முதலிலையிருந்தோ?”

“ஓம். முதலிலையிருந்து. அண்டைக்கு நான் கதைச்சது சரியான பிழை. மன்னிச்சுக்கொள்ளும்.”

அடுத்த ஞாயிறு பூசை முடித்து, வெள்ளைச் சேலையோடேயே எங்கள் வீட்டுப் படலை வாசலில் வந்து நின்றீர்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. “ரெண்டு ரீச்சர்மார். பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவையாம்” என்று குசினிக்குள் நின்று எனக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னா. மூன்றாவது கிழமை, சுளகில் அரிசியோடு வந்து நமக்குப் பின்னால் இருந்தா. ஐந்தாவது கிழமை அரிசியும் இல்லை, வெறுங்கையோடு வந்து, திரையில் வள்ளம் ஓட்டுகிறவளைக் காட்டினா. “பிள்ளை, உந்தப் பெட்டைக்குத் தாய் தேப்பன் ஒருத்தரும் இல்லையோ? தனிய விட்டிருக்கினம்” என்று உம்மிடம்தான் கேட்டா, என்னிடம் கேட்கவில்லை.

உமக்கோ வேறு குறை. கடல்காரக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அந்த வள்ளம் ஓடுகிற விதம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. “உப்பிடி ஆரும் காத்துக்கு எதிரை திருப்புவினமோ? கவிண்டு போவாள். இதைச் செய்தவங்கள் ஒருநாளும் கடலுக்குப் போகேல்லை” என்று ரிவியைத் திட்டிக்கொண்டே ஓட்டுவீர். எனக்குக் கதை முடிவுவரை தெரியும். எந்தப் பேழையைத் திறக்கவேண்டும், யார் பொய் சொல்கிறார், எல்லாம் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நீர் பிழையான தீவுக்குப் போய் ஒரு முழு ஞாயிறையும் வீணாக்கியபோதும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு நேரம் பேசாமல் நான் வாழ்க்கையில் வேறெங்கும் இருந்ததில்லை.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. கலங்கரை விளக்கின் படிகளில் அந்தப் பெண் ஏறி உச்சிக்கு வந்தாள். நீர் கையிலிருந்த கொன்ட்ரோலர் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினீர்.

“எங்கை போறீர்?” என்றேன்.

“இதிலைதானே ரெண்டாவது டிஸ்க் முடியுதெண்டு யூட் சொன்னவன். மாத்தச் சொல்லும்.”

என் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. திரை ஒருகணம் கறுத்து, அடுத்த காட்சி தானாகத் தொடங்கியது. நீர் பதறிப்போய், “நிப்பாட்டும், நிப்பாட்டும்!” என்றீர். நான் நிறுத்தினேன். நீர் நின்றபடியே தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு, அழைப்பு எடுக்கலாமா என்று தயங்கினீர். அப்போதுதான் எனக்குச் சொன்னீர்.

தாய் செத்தபோது யூட்டுக்குப் பத்து வயது. வளர்த்தது நீர். பத்தொன்பதில் அவன் போய்விட்டான். பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை, அவன் நேரமும் உம்முடைய நேரமும் சந்திப்பதேயில்லை. தொலைபேசி எடுத்தால், “சாப்பிட்டியோ?”, “ஓம். நீங்கள்?”, அதற்குமேல் இருவருக்கும் கதையில்லை. அதனால்தான் அவன் பெட்டியை அனுப்பினான். ஒரே விளையாட்டை இருவரும் விளையாடுவது, இறுவட்டு முடிகிற இடத்தில் முதலில் வருபவர் மற்றவருக்காக நிற்பது. மற்றவரும் வந்துசேர்ந்த பிறகு தொலைபேசி எடுத்து, கதைத்து, இருவரும் ஒன்றாக மாற்றுவது. அதுதான் ஒப்பந்தம்.

“மூண்டு டிஸ்க் எண்டால் நடுவிலை ரெண்டு இடத்திலை நிண்டு கதைக்கலாம்” என்றீர். “உம்மடை பெட்டியிலை நிக்கிறதுக்கு ஒரு இடமும் இல்லையே.”

கீறல் விழுந்ததை நீர் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் இன்னொன்று வாங்கி அனுப்பிவிடுவான். ஏற்கெனவே தனக்கென்று ஒன்றும் வாங்காதவன். “எனக்கு நேரமில்லை, நீ விளையாடு” என்று சொல்லி விட்டிருந்தீர்.

“எடும்” என்றேன்.

அங்கே அவனுக்கு வேலைக்குப் போகிற அவசரம். ஒலிபெருக்கியில் அவன் குரல் எங்கள் அறை முழுக்கக் கேட்டது. நீர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னீர்: கீறலை, பொய்யை, இணுவிலில் ஒரு சிநேகிதி வீட்டில் முதலிலிருந்து தொடங்கி இப்போது கலங்கரை விளக்கில் நிற்பதை. பிறகு மெல்லக் கேட்டீர், “நீ முடிச்சிட்டியோ?”

“இல்லையக்கா.”

“ஏனடா?”

“நீங்கள் வரேல்லைத்தானே. ரெண்டாவது டிஸ்க் இன்னும் உள்ளுக்கைதான் கிடக்குது.”

எட்டு மாதமாக அவன் அதே இடத்தில் நின்றிருக்கிறான். அம்மா சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. நீர் ரிவியைப் பார்த்தபடி, “சரி, இப்ப மாத்து” என்றீர். அந்தப் பக்கத்தில் இறுவட்டு வெளியே வருகிற சத்தமும், மற்றது உள்ளே போகிற சத்தமும் கேட்டன. நான் என் பெட்டியைத் தொடரவிட்டேன்.

அன்று போகும்போது படலையில் நின்று சொன்னீர்: “நீர் அண்டைக்குச் சொன்னது உண்மைதான் காணும். அந்தப் பெட்டி ஆரோ பாவிச்சதுதான். அவனிட்டை இருக்கிறது அதைவிடப் பழசு.”

முடிவு எப்படிப் போனதென்று நான் எழுதத் தேவையில்லை. மூழ்கிய ஊரைக் கண்டபோது அம்மாதான் கைதட்டினா. யூட் அங்கிருந்து, “அக்கா அழுறாவோ?” என்று கேட்டதும், “இல்லை, உன்ரை அக்கா வள்ளம் பிழையாக் கட்டியிருக்குது எண்டு பேசுறா” என்று நான் சொன்னதும் உமக்கு நினைவிருந்த விடயங்கள்தான்.

பிறகு நான் கல்யாணம் செய்தேன். நீர் செய்யவில்லை, கேட்பவர்களுக்கு, “எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலை நேரமில்லை” என்பீர். ஞாயிறுகள் தொடர்ந்தன. பெட்டிகள் மாறின, உம்முடையதும் புளூரேக்கு வந்தது. இனி வாதாட ஒன்றுமில்லை என்று இருவருக்கும் கொஞ்சம் கவலைகூட. வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தபோது நீர் அதிகம் கதைக்கவில்லை. கடைசி இரண்டு மாதமும் யூட் வந்து உம்மோடு நின்றான். பத்தொன்பது வயதில் போனவன் நரைத்த தாடியோடு வந்து, உமக்குக் கஞ்சி வடித்துத் தந்தான். “குசினி வேலை நல்லாய்த்தான் பழகியிருக்கிறான்” என்று மனையியல் ரீச்சராகப் புள்ளி போட்டீர்.

ஒரு நாள் அவன் கடைக்குப் போயிருந்த நேரம், நான் மறுபடியும் ஆசிரியர் அறைக் கதையை எடுத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீர் கண்ணை மூடியபடி சிரித்தீர்.

“அதை இன்னும் வைச்சிருக்கிறீரோ? அழிச்சுவிடும் காணும். வேறை எதுக்கும் இடம் வேணுமெல்லே.”

அழித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். இப்போது உம்மை நினைத்தால் அந்த ஆசிரியர் அறை முதலில் வருவதில்லை. கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நிற்கிற உம்மைத்தான் காண்கிறேன்.

நான் இன்னமும் அதே பள்ளிக்கூடத்தில்தான். முன்பு ஒரு கணக்கைக் கரும்பலகையில் முடித்ததும் டஸ்டரை எடுத்து அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். பாடத்திட்டம் பெரிது, நேரம் குறைவு. இப்போது முடிந்ததும் சோக்கட்டியை மேசையில் வைக்கிறேன். திரும்பி நின்று, “எல்லாரும் வந்திட்டியளோ?” என்று கேட்கிறேன். பின்வரிசையில் எப்போதும் ஒரு கை உயரும்.

“இல்லை ரீச்சர்.”

“அவசரமில்லை. வாரும். நிக்கிறன்.”