பனியில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு

தம்பி,

சனிக்கிழமை மாலை நம் ஃப்ரீமான்ட் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், மகள் மீனு, உன்னோடு மலைக்கு வந்த டேவிட். பிறகு, சுவரில், நீ.

டேவிட் ஸ்லைடு புரொஜெக்டரைக் கொண்டுவந்திருந்தான். அது சூடேறும்போது தூசி கருகும் வாடை வந்தது. முன்பெல்லாம் நீதான் இதே சுவரில் மலைகளைக் காட்டுவாய். நான் அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். இந்த முறை ஒரே ஒரு படம். நீ போன வழியில் இந்த வருஷம் ஏறிய வேறொரு நாட்டுக் குழு எடுத்தது. வெள்ளைச் சரிவு, கறுத்த பாறை, அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு சிவப்புச் சட்டை. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. முழங்கையைப் பார்க்கச் சொன்னான் டேவிட். அதற்குள் நான் பார்த்துவிட்டிருந்தேன். அந்த மஞ்சள் ஒட்டு நான் தைத்தது.

மீனுதான் மெதுவாக, "இஸ் மாமா ஃபீலிங் கோல்ட், அம்மா?" என்று கேட்டாள்.

நீ கிளம்புவதற்கு முன்பு, வேலை விட்டு வந்ததும் மௌரி அவென்யூ கடையில் வாங்கிய அரிசி மூட்டையை முதுகுப்பையில் திணித்துக்கொண்டு மிஷன் பீக் குன்றில் ஏறி இறங்குவாய். வியர்த்து வந்து மூட்டையை என் முன்னால் இறக்குவாய்.

"அக்கா, இது மலையேறி எறங்குன அரிசி. மரியாதையா வடி."

"சாமி குடியிருக்கிற எடத்துல போயி கால வைக்கப் போறியேடா."

"சாமி இருக்கிற மலைக்கு பர்மிட்டே குடுக்க மாட்டான்க்கா. இது வேற மலை. இங்க ஆளும் கெடையாது, சாமியும் கெடையாது. காத்துகூட அரைகுறைதான்."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவள் நான். நூலகத்திலிருந்து மலைப் புத்தகங்களை எடுத்துவந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அந்த உயரத்தில் சிராய்ப்புகூட ஆறாதாம். சோறு செரிக்காதாம். உடம்பு தன்னையே தின்னத் தொடங்குமாம். இருமி இருமியே விலா எலும்பு முறிந்தவர்கள் உண்டாம். முன்னே போனவனைத் தாங்கிய பனி, பின்னால் வருகிறவனை விழுங்குமாம். படித்ததையெல்லாம் உன்னிடம் ஒப்பித்தேன். ஒன்றையாவது நீ இல்லையென்று சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"உச்சிங்கிறது பாதி வழிதான்க்கா. எறங்கினாத்தான் முழு வழி. எத்தன மணிக்குத் திரும்பணும்னு பேசி வச்சிருக்கோம். உச்சி கைக்கெட்டுற தூரத்துல நின்னாலும் திரும்பிருவோம்."

"மறந்துட்டேன்னா?"

"மறக்க மாட்டேன். பயம் அதில்ல. அங்க மூளைக்குக் காத்து பத்தாது. சரியாத்தான் யோசிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டே தப்பா யோசிப்போம். குடிச்சவன் எவனாவது குடிச்சிருக்கேன்னு ஒத்துக்கிறானா?"

அதுவேதான் நடந்தது. பேசிவைத்த நேரத்தில் டேவிட் திரும்பினான். நீ உச்சியைக் காட்டி, இதோ வந்துவிடுகிறேன் என்றாயாம். குளறவில்லை, தடுமாறவில்லை, சந்தோஷமாக இருந்தாயாம். அதனால்தான் உன்னை இழுத்துக்கொண்டு வரத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு டேவிட் தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மேகம் ஏறி வந்ததாம். அதற்குப் பிறகு உன்னை யாரும் பார்க்கவில்லை, இந்தப் படம் வரும்வரை.

அவன் வந்தது படம் காட்ட மட்டுமல்ல. வியாழக்கிழமை காத்மாண்டுவுக்குக் கிளம்புகிறான். இந்தப் பருவத்தில் ஏறுகிற குழு உன்னைக் கீழே கொண்டுவர முயற்சி செய்யும், குடும்பம் கேட்டுக்கொண்டால். இல்லையென்றால் வழியிலிருந்து உன்னை நகர்த்தி, ஒரு பனிப்பிளவில் இறக்கிவிடுவார்கள். புதன்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும்.

உன்னைப் போல ஒருவரைக் கண்டதாக டேவிட் போன மாதமே போனில் சொன்னதும் ஊருக்கு எழுதிவிட்டேன்; அதற்கு அம்மா கேசட்டில் பேசி அனுப்பியிருக்கிறாள். "ஏளா, அவன் பச்சத்தண்ணி ஆவாத புள்ள. வெந்நி வச்சுல்லா குளுப்பாட்டுவேன். எப்படியாவது கொண்டாந்து சேத்துரு. எங்கையால ஒரு பிடி சாம்பலாவது வாங்கணும்." அதற்குப் பிறகு டேப் வெறுமனே ஓடுகிறது. பின்னால் கோழி கூவுகிறது.

"யார் தூக்குவார்கள்?" என்று டேவிட்டிடம் கேட்டேன்.

மலைவழிகாட்டி பாசாங் என்றான். உன் கடுதாசிகளில் வந்த அதே பாசாங். உருளைக்கிழங்கைச் சுட்டு உன் சட்டைப்பையில் போட்டு அனுப்புவாளே, அவன் மனைவி, அவளுக்கு இப்போது கைக்குழந்தை. உன்னைப் பாறையோடு சேர்த்துப் பனி பிடித்திருக்கிறதாம். கோடரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தன் காலையே தூக்கி வைக்க முடியாத இடத்தில் கல்லாய்க் கனக்கிற உடம்பை இழுக்க வேண்டும். அந்த மலையில் முன்பு ஒருவரை இப்படிக் கொண்டுவரப் போய் இரண்டு பேர் சறுக்கி விழுந்தார்களாம்.

"அப்புறம்?"

"மூன்று பேரும் இன்னும் மேலேதான் இருக்கிறார்கள்."

உன் அத்தான் குறுக்கிட்டார். "அவங்க ட்ரெய்ன்டு ஆளுங்கம்மா. வேணும்னு கேட்டாத்தானே போறாங்க? அத்தைக்கு நாம என்ன பதில் சொல்றது?"

பாசாங் என்ன சொன்னான் என்று கேட்டேன். டேவிட் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அக்கா கேட்டால் போகிறேன் என்றான்."

அதைக் கேட்டபோதுதான் கூடத்தில் குளிர் ஏறியது. மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

கோயில் குருக்களைப் பார்த்தேன். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்கிற முறை உண்டு என்றார். "கெடைக்கலேன்னாதான்மா அது. உங்களுக்கு எடம் தெரிஞ்சுடுத்தே" என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வீட்டுக் கணக்கில் வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பழகிய கை என்னுடையது. வெந்துபோக வேண்டிய ஓர் உடம்பையும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஓர் ஆளையும் எந்தப் பக்கத்தில் எழுதுவது? விளக்கேற்றி உட்கார்ந்தால் பதிகம் பாதியில் நின்றுவிடுகிறது. கண்ணை மூடினால் நீ தெரிவதில்லை. முகம் தெரியாத ஒருத்தி கைக்குழந்தையோடு வாசலில் நின்று மலையைப் பார்க்கிறாள்.

வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன், தம்பி. தர்ப்பையில்தான் உன்னைச் செய்யப் போகிறேன். வேண்டாம் என்று சொன்னது அக்காதான் என்பதை அம்மாவிடம் நானே சொல்வேன். அவள் அழுகையை ஆயுசுக்கும் நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உன்னைப் பிளவில் இறக்கச் சொல்லும் வார்த்தை மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

அங்கேயே இருக்க உனக்குச் சம்மதமா? கனவிலாவது வந்து ஒரு வார்த்தை சொல். புதன்கிழமைக்கு அதிக நாளில்லை. சீக்கிரம் பதில் சொல்.

அக்கா