சிவப்புக்கு முழு மார்க்

டீச்சரம்மா, முதல் பஸ்ஸை இன்று நான்தான் எடுக்க வேண்டும், கிளம்பிவிட்டேன். டிபன் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சாவி ஜன்னலோரம்.

"வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற வேலைக்கு எவன் சம்பளம் தர்றான்?" என்று நேற்று உன்னிடம் கத்தியது தப்பு. கேள்வி சரிதான், கேட்ட இடம்தான் சரியில்லை.

நீ திருத்திவைத்த நாற்பத்தொரு விடைத்தாளுக்கும் விடியற்காலையில் கூட்டல் போட்டுவிட்டேன். நீ பேனாவோடு தூங்கிப்போன கடைசித் தாளுக்கு மட்டும் மார்க்கும் நானே போட்டேன். 'சிவப்பு' என்பதை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னதற்கு, "எங்கள் டீச்சரின் கண்கள் எப்போதும் சிவப்பாக இருக்கும்" என்று ஒரு வாண்டு எழுதியிருக்கிறது. முழு மார்க். கோடு போட்டு அடித்துவிடாதே.

பி.கு.: கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து உன் பையில்.

இன்னொன்று: இனிமேல் கூட்டல் என் பொறுப்பு. எனக்கும் சம்பளம் கிடையாது, தெரியும். நீ தூங்கினால் போதும்.