இது அக்காவோடது

என் தங்கமே,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா? நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் தம்பி ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கடையில் வேலையாக இருப்பதாக உன்னிடம் சொல்லச் சொன்னதும் அவன்தான். முதலில் வெறும் தலைவலி. நாள் முழுக்கக் குனிந்து செல்போன் பழுது பார்க்கிறவனுக்குத் தலை வலிக்காதா என்று கண்ணாடியை மாற்றினோம். பிறகு வாந்தி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, ஒரு நாள் என்னையே "நீங்க எந்த போன் குடுத்தீங்க?" என்று கேட்டான், கிண்டல் பண்ணுகிறான் என்று சிரித்தேன்டி.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்து, அதில் கறுப்பு மை கலந்து பார்த்துத்தான் மூளையைச் சுற்றிப் பூஞ்சை என்றார் டாக்டரம்மா. ரொட்டியில் பிடிக்குமே அதுவா என்றேன். "அதோட தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கோங்க" என்றார். நம்மை ஒன்றும் செய்யாதாம். நீ கொடுத்த கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவன் சாப்பிட்ட மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததால் அவனிடம் வேலையைக் காட்டிவிட்டது. அந்த மாத்திரையைக் குறைக்க வேண்டும், ஏற்றப்போகிற மருந்தும் கிட்னியைக் கெடுக்கலாம், ஏற்றாவிட்டால் உயிர் தங்காது என்றார்கள். தெளிவாக இருந்த நேரத்தில் அவன் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு, "வேணாம்மா, இது அக்காவோடது, கெடுத்துடாதீங்க" என்று அழுதான். நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். மருந்து ஏறும்போது கட்டிலே அதிரும்படி நடுங்குவான், தலைக்குள் அழுத்தம் ஏற ஏற மறுபடி மறுபடி முதுகில் குத்தி நீரை இறக்கினார்கள்.

பூஞ்சை அடங்கிவிட்டது, பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் கிட்னி போய்விட்டது கண்ணே, பழையபடி டயாலிசிஸ். அந்த அழுத்தத்தில் போன பார்வையும் திரும்பாதாம், குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடிக்கிறான். கடைச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டோம். நேற்று என் கையைத் தடவித் தேடிப் பிடித்து, "அக்கா கேட்டா, கிட்னி நல்லா ஓடுதுன்னு சொல்லும்மா" என்றான். உன்னிடம் அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் முடியவில்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடி, வருடப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, உன்னிடம் இருப்பதும் ஒன்றுதான். அவன் போனில் வந்தால் அழுதுவிடாதே. கிட்னி எப்படிடா இருக்கு என்று எப்போதும் போலக் கேள். நல்லா ஓடுதுக்கா என்பான். நம்பின மாதிரி இரு.

உன் அம்மா