கடைசிக் கிணற்றின் சூடு

மச்சாள்,

இன்றைக்கு மத்தியானம் மீன் வெட்டிய கையோடு முற்றத்துக் குழாயைத் திறந்தேன். வெயிலில் கிடந்த குழாயல்லவா, தண்ணீர் பாதத்தில் விழுந்ததும் துள்ளி விலகினேன். "சுடுது, கொஞ்சம் பொறும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. நீர் கண்ணை மூடி ஒரு வருஷமாகப் போகிறது, என் வாய்க்கு இன்னும் அது தெரியாது.

கன்னியாவில் தொடங்கிய பழக்கம் இது. திருகோணமலைக்கு யாத்திரை போன எங்கள் கோயில் மாதர் சங்கத்து பஸ், திரும்பும் வழியில் வெந்நீர்க் கிணற்றடியில் நின்றது. சைவக்காரர் செத்தவர்களுக்குக் கிரியை செய்கிற இடமாச்சே, நாங்கள் குளிக்கலாமோ என்று பஸ்ஸுக்குள் ஒரு வழக்கே நடந்தது. நீர்தான் முதலில் இறங்கினீர். "சுடுதண்ணியிலை குளிக்கவும் பங்குச் சுவாமியிட்டைக் கேக்கவேணுமே? வாரும் மச்சாள்" என்று என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர். குருநகரில் கடலைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, நிலத்துக்குள்ளிருந்து தண்ணீர் சுடச்சுட வருவது பெரிய புதினம்.

சதுரமாகக் கட்டிய சின்னக் கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. முதலில் காலில் ஊற்றிப் பழகிவிட்டுத்தான் தலையில் ஊற்றவேண்டும் என்று அங்கே குளித்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா சொன்னார். ஒரே வாளியால் என் காலிலும் உம்முடைய காலிலும் மாறி மாறி ஊற்றினேன். நான் பல்லைக் கடித்தால் நீரும் "ஓம், நல்ல சூடு" என்பீர். நான் சும்மா நின்றால் "இது பரவாயில்லை" என்பீர். இரண்டு பேருக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் கிணற்றில் தண்ணீர் வெறும் இளஞ்சூடு. என் குணம் உமக்குத் தெரியும், பகிடி விடாமல் இருக்க முடியாது. என் காலில் ஊற்றிவிட்டு, ஐயோ அம்மா என்று கத்தித் துள்ளினேன். பிறகு உம்முடைய காலில் ஊற்றினேன். நீரும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, "தோல் உரியுது மச்சாள்" என்றீர்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. நீர் தண்ணீரையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர். அதற்கு முந்தின மாசம் பூசை முடிந்து ஒற்றைச் செருப்போடு வீடு வரைக்கும் நடந்து வந்தீரே, அதைச் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவள் நான். மற்றச் செருப்புக் கழன்றது ஏன் உமக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, உம்முடைய பாதங்களின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது.

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். நீர் வாளி பிடித்த என் கையைப் பிடித்துக்கொண்டீர்.

"அண்ணைக்குச் சொல்லிப்போடாதையும். ஆஸ்பத்திரிக்குப் போனா, ஐயாவின்ரை காலை எடுத்தமாதிரி என்ரையையும் எடுத்துப்போடுவினம். பெட்டிக்குள்ளை நான் இரண்டு காலோடையும் படுக்கவேணும்."

உங்கள் ஐயாவை, என் மாமனாரை, சவப்பெட்டியில் வைத்தபோது, ஒரு பக்கம் வெள்ளைத் துணி தட்டையாகக் கிடந்ததை நானும் பார்த்தவள். என்னோடு கிளினிக்குக்கு வந்தால் ஒருவருக்கும் மூச்சு விடமாட்டேன் என்று அங்கேயே பேரம் பேசினேன். மாதா மேல் சத்தியம் கேட்டீர், செய்தேன். பிறகு திரும்பவும் முதல் கிணற்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் சூட்டையும் உள்ளபடி சொல்லிச் சொல்லி ஊற்றினேன். கடைசியில் வாளியை வாங்கி நீரே தலையில் கவிழ்த்துக்கொண்டு, "இது சுடுது, இது எனக்கே தெரியுது" என்று சிரித்தீர். எனக்குத்தான் அழுகை வந்தது.

கிளினிக்கில் ஒருவரும் வெட்டுகிற கதை கதைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பாதத்தை வடிவாகப் பார்க்கவேண்டும், வெறுங்காலோடு நடக்கக்கூடாது, தண்ணீரின் சூட்டை இன்னொருவர் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு பின்னேரங்களில் பிளேன்ரீ குடிக்க என்று வருவீர். என் மடியில் காலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏதோ நான் மருந்து கட்டப் போகிறவள் மாதிரி கண்ணை மூடிச் செபமாலை உருட்டுவீர். ஒரு நாள் குதிக்காலில் ஒரு மீன்முள் முழுதாக ஏறியிருந்தது. அந்தப் புண் ஆறுவதற்குள் நான் வேண்டாத புனிதர் இல்லை. என் மனுசனான உம்முடைய அண்ணை, பெண்டுகள் ஊர்க்கதை கதைக்கிறார்கள் என்றுதான் கடைசி வரைக்கும் நினைத்திருந்தார்.

கடைசியில் உம்மைக் கொண்டுபோனது கால் இல்லை, நெஞ்சு. பெட்டியில் வைக்க முதல் உம்முடைய பாதங்களைத் துடைத்தது நான். துணியை நனைத்தபோது "இளஞ்சூடு" என்று சொல்லிவிட்டேன், சுற்றி நின்றவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிறகு வெள்ளை மேசுக் காலுறை போட்டுவிட்டேன், ஒரு காலுக்கு, பிறகு மற்றக் காலுக்கு. அழுதுகொண்டே போட்டாலும் உள்ளே ஒரு திருப்தி இருந்தது மச்சாள், அதை நான் மறைக்கவில்லை.

இன்றைக்கு உம்முடைய அண்ணை உள்ளேயிருந்து, "ஆரோடை கதைக்கிறீர்?" என்று கேட்டார். ஒருத்தரோடும் இல்லை என்றேன். சத்தியம் சத்தியம்தானே. குழாயை ஓடவிட்டுத் திரும்பவும் காலை நீட்டினேன், தண்ணீர் ஆறியிருந்தது. "இப்ப சரி, காலை வையும்" என்று மெதுவாகச் சொன்னேன்.