தலையணைக்குப் போட்ட கட்டு

யோலெட்,

சோறும் சிவப்புப் பயறும் அடுப்பில் இருக்கின்றன. பிக்லிஸ் ஊறுகாயை நான்தான் தின்று தீர்த்தேன்.

நாளை புரூக்ளின் ஏஜென்சியில் உனக்குக் கட்டுப்போடும் தேர்வு. தேறாவிட்டால் உன்னை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்ப மாட்டார்கள். தெரிந்தும், "இருபது வருஷ நர்சுக்கு இன்னும் என்ன பாடம்?" என்று ஞாயிறன்று கேட்டது என் வாய்க்கொழுப்பு. "அம்பது வயசுல எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்ட ஆளு பேசுற பேச்சா இது?" என்றாய். நியாயம்தான்.

அன்றிலிருந்து கட்டுப்போட்டுப் பழகிப் பார்க்க நீ என் காலைக் கேட்கவில்லை. தலையணைக்குக் கட்டுப் போடுகிறாய். நான்கு நாளாக உன் கை என்மேல் படவில்லை.

ஒனேல்

பின்குறிப்பு: கட்டு இறுகினால் தலையணை சொல்லாது, நான் சொல்வேன். ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்து, சிமெண்ட் போகக் கால் கழுவிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருப்பேன்.