ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர்

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். விடிந்ததும் உனக்காகத்தான் முதல் பிரார்த்தனை. அதை முடித்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை மருத்துவக் குழுவின் அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். குழுத் தலைவரான பெரிய டாக்டர். அவர் பக்கத்தில் எலும்பு டாக்டர், சின்ன வயசுக்காரர். ஓய்வூதிய அலுவலகத்து அதிகாரி ஒருவர். கம்ப்யூட்டரில் தட்ட ஒரு பெண். முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர், அதாவது நம்ம மீசை மாமா. உன் அப்பா. நான். வேறு யாரும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு சுத்தமாக எழுதுகிறேன் என்றால், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா, தபால்ல வரும்" என்று அப்பா உனக்கு போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நல்லபடியாக முடியவில்லை. அப்பா கைக்கு ஊன ஓய்வூதியம் கிடையாது என்று அங்கேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். போனில் உன்னிடம் தனியாகப் பேச வழியில்லை. அப்பாவால் அதைக் காதோடு பிடித்திருக்க முடியாது, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிடுகிறார். வீடே கேட்கும்.

விதிமுறைகளை நான் எழுத்துக்கூட்டிப் படித்து, மனுவை நானே எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். மருந்துக் கடை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கித் தைத்துக் கொடுத்தேன். வெளிக்கடையில் வாங்கிய தைலம் எல்லாம் சாட்சி ஆகாதாம். அதிகாரி அந்தக் கட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். நூல்கூட அவிழவில்லை.

அன்று காலையில் வழக்கம்போல அப்பாவுக்குச் சவரம் செய்து, சட்டைப் பொத்தான் போட்டு, ஷூ லேஸ் கட்டிவிட்டேன். பெரிய மனுஷர்கள் முன்னால் நிற்கப் போகிறாரே என்று சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தேன். கிளம்பும்போது, சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழை எடுக்கச் சொன்னார். மலையில் சாலை போடும் பிரிவில், கை அதிர அதிரப் பாறை துளைக்கிற மெஷினைப் பிடித்த பதினெட்டு வருஷத்தில், உடம்பு சரியில்லை என்று ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர் என்று அவருடைய மேலதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. "இதைப் பார்த்தா அவங்களுக்கே புரியும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கண்ணாடியைத் துடைத்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

சின்ன டாக்டர் கோணம் அளக்கிற அளவுகோலை மணிக்கட்டில் வைத்து மேலும் கீழும் மடக்கினார். வலிக்கிறதா என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "இல்லை சார்!" என்று அணிவகுப்பில் நிற்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார் பார், கம்ப்யூட்டர் பெண் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். மீசை மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "யோவ், வலிக்குதுன்னு சொல்லுய்யா, அதுக்குத்தானே வந்தோம்" என்றார். டாக்டர் திரும்பக் கேட்டார். "கொஞ்சம் இருக்கும் சார், சமாளிச்சுக்குவேன்" என்றார் உன் அப்பா. மேலதிகாரி கேட்டால் அவருக்கு வேறு பதில் வராது. பழக்கிவிட்டார்கள்.

பிறகு பெரிய டாக்டர் பழைய மருத்துவக் கோப்பைப் புரட்டினார். பல் பிடுங்கியது இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது. கையைப் பற்றி ஒரு வரி இல்லை. "மெஷின் பிடிச்சுத்தான் கை போச்சுன்னா, ஒரு தடவையாவது மருத்துவ அறைக்குப் போயிருப்பீங்களே?" என்று கேட்டார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். உன் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அவரே துண்டைப் பிரித்து, சான்றிதழை மேஜைமேல் வைத்து, "கைக்குன்னு ஒருநாள்கூடப் போனதில்லை சார்" என்றார்.

அதிகாரி அதைத் தன் பக்கம் இழுத்து நிதானமாகப் படித்தார். ஒரு நகல் எடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொன்னார். "அப்போ பணியில இருந்தவரைக்கும் கை நல்லாத்தான் இருந்திருக்கு" என்று பெரிய டாக்டரைப் பார்த்துச் சொன்னார். அப்பாவுக்கு அப்போதும் புரியவில்லை, பாராட்டுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

கேட்காமல் பேசக்கூடாது என்று மீசை மாமா சொல்லித்தான் கூட்டிப் போயிருந்தார். நான் பேசிவிட்டேன். "சார், இந்தப் பொத்தான் நான் போட்டது. லேஸ் நான் கட்டினது. சோறு பிசைஞ்சு வைக்கிறதும் நான்தான்" என்றேன். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ விளையாட்டுக்குச் சொல்றா சார். பொம்பளை, வீட்டுல செல்லமா ஏதோ செய்வா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர், ஒரே ஒரு பொத்தானைக் கழற்றிப் போட்டுக் காட்டச் சொன்னார். அப்பா நெஞ்சுப் பொத்தானைக் கழற்றினார். திரும்பப் போடுவதற்குள் பட்ட பாட்டை என்னவென்று எழுதுவேன்! கட்டைவிரல் வளையவில்லை. சட்டை ஓரத்தை முகவாயால் அழுத்திக்கொண்டு, மரத்துப்போன விரல்களால் தடவித் தடவித் தேடினார். காதோரம் வேர்வை ஒழுகியது. ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டேன். ஆனால் பொத்தான் உள்ளே போகட்டும் என்று கேட்பதா, போகக்கூடாது என்று கேட்பதா? எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் கேட்காமலே கண்ணைத் திறந்தேன்.

போய்விட்டது. அப்பா ஜெயித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "தானே போட்டுக்கொள்கிறார்" என்று அந்தப் பெண் தட்டிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மீசை மாமா, "மலையையே உடைச்ச மனுஷனை ஒரு பொத்தான் கவுத்துருச்சே தங்கச்சி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மேல்முறையீடு செய்யலாமாம். கூட வேலை செய்தவர் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவோடு மெஷின் பிடித்தவர்களில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்று சங்கத்துக்கே தெரியாது. "போட்டு வைப்போம், ஆனா நம்ம ஆயுசுல வராது" என்று மாமாவே சொல்லிவிட்டார். நானும் ஆசையை விட்டுவிட்டேன். அப்பா இரண்டு நாளாக வாசல் பக்கம் போகவில்லை. நேற்றிலிருந்து பொத்தான் போட என்னை விடுவதும் இல்லை. பனியனோடு உட்கார்ந்திருக்கிறார்.

இனி, அதே மெஷினைப் பிடிக்கிற உன் விஷயம். போன விடுமுறையில் நீ தண்ணீர் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்கினாய். துவைத்த துணியைக் குழாயில் சுற்றி முழங்கையால் முறுக்கினாய். பாட்டில் மூடியைக் கதவிடுக்கில் வைத்துத் திருகினாய். நான் இப்படி மரத்துப்போன ஒரு ஜோடிக் கையோடு குடும்பம் நடத்தியவள், எனக்குத் தெரியாதா? என்ன கை என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, தூங்கும்போது மரத்துப்போச்சு" என்றாய். கல்யாணமான புதிதில் உன் அப்பாவும் இதையேதான் சொன்னார்.

மருத்துவ அறைக்கே போகாத ஒரே ஆள் நீதான் என்று உன் அதிகாரி பாராட்டினாராம். அப்பா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. போனால், கூட வேலை செய்கிற பையன்கள், "பொம்பளைக்கு எதுக்கு இந்த மெஷின்" என்று கிண்டல் செய்வார்கள், வேறு வேலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று நீ பயப்படுகிறாய். அந்தப் பயம் நியாயம்தான். உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை போ. எந்த விரல் மரக்கிறது, எப்போதிலிருந்து, எந்த மெஷினால் என்று சொல்லு. எழுதிக்கொள்கிற வரைக்கும் நகராதே. அதற்கு ஒரு நகல் கேட்டு வாங்கு.

நீ போகமாட்டாய் என்று மனசு சொல்கிறது. அப்பா பெண்ணல்லவா. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் பத்து விரலையும் கடவுள் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். போனில் ஒன்றும் சொல்லவேண்டாம், டைப் அடித்தும் அனுப்பாதே. இரண்டு வரியானாலும் உன் கைப்பட எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா