கல்தரையில் இரண்டு தட்டு

அனுப்புநர்
ம. சவரி,
ஓய்வு பெற்ற எழுத்தர்,
குட்டைக்கரைத் தெரு,
தருமபுரி.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: குட்டைக்கரைத் தெருவில் எழும் நான்கு மாடிக் கட்டடம் – அடித்தளத் தூண்களைச் சம்மட்டியால் அடித்து இறக்காமல், துளையிட்டு அமைக்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அரூர் தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பிறருடைய மனுக்களைப் படித்துக் குறிப்பெழுதியவன் நான். எனக்கென்று மனு எழுதுவது இதுவே முதல் தடவை. பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் வீட்டையொட்டிய காலிமனை, முன்பு குட்டையாக இருந்து மேடாக்கப்பட்டது. பத்தடிக்குக் கீழே சேறு. தூண் இறக்காமல் அங்கே கட்டடம் நிற்காது என்பதை நான் மறுக்கவில்லை. கட்டடம் வரட்டும், ஊருக்கு நல்லதே. ஆனால் சென்ற 3-ஆம் தேதி முதல் கனத்த இரும்புச் சம்மட்டியை உயரத் தூக்கி, தூண்களின் தலையில் போட்டு இறக்குகிறார்கள். விழுந்த சம்மட்டி துள்ளி இன்னொரு முறை விழுகிறது. ஆகவே ஒவ்வோர் அடியும் என் வீட்டுக் கல்தரையில் இரண்டு தட்டாக வந்து சேர்கிறது.

2. என் மனைவி இசபெல்லாவுக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. அவளைக் கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் இரண்டு முறை தட்டுவேன். கல் அதிரும். எந்த மூலையில் இருந்தாலும் வந்துவிடுவாள். முப்பத்திரண்டு ஆண்டுக் குடித்தனத்தில் என் பேச்சை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. தட்டி அவள் வராத நாளும் இருந்ததில்லை.

3. வேலை தொடங்கிய முதல் நாள் அவள் சமையற்கட்டிலிருந்து என்னிடம் நாற்பத்தொரு முறை வந்தாள். ஈரக்கையோடு வந்து நின்று, என்ன வேண்டும் என்று கண்ணால் கேட்பாள். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் மனம் தாளவில்லை. சன்னலருகே அழைத்துப்போய் இயந்திரத்தைக் காட்டி, தட்டுவது அதுதான், நீ எழுந்து வராதே என்று சைகையால் சொல்லிக்கொடுத்தேன். ஐயா, அந்தத் தவறு என்னுடையது.

4. 18-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு எனக்கு மூச்சிரைப்பு வந்தது. நெடுநாள் நோய். மாத்திரையும் வெந்நீரும் அவள்தான் கொண்டுவருவாள். தட்டினேன். கால் ஓயும்வரை தட்டினேன். அவள் வரவில்லை. மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் பார்த்து, ஆள் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தேன்.

அன்று முதல் இசபெல்லா சமையற்கட்டுக்குப் போவதில்லை. சோறு கோவிந்தம்மாள் வீட்டிலிருந்து வருகிறது. இவள் என் காலருகே தரையில் உட்கார்ந்து, பாதத்தின்மேல் கையை வைத்தபடியே இருக்கிறாள். குற்றம் செய்தவளைப் போல என் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவள் பார்க்காவிட்டால் நான் எதையும் சொல்ல முடியாது, ஐயா. அது எனக்கு மூச்சிரைப்பைவிடப் பெரிய வேதனை.

5. அங்கே வேலை செய்யும் மேஸ்திரி நஞ்சப்பன், பெங்களூரில் வேறு முறையைப் பார்த்தவர். திருகு போன்ற கருவியைச் சுழற்றி, மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கித் துளையிட்டு, அதில் கான்கிரீட் ஊற்றினால் அடிக்கவே வேண்டியதில்லையாம். "நாங்க சொன்னா காண்ட்ராக்டரு கேக்கமாட்டாருங்க. ஆபீசரு ஒரு வார்த்த சொன்னா கேப்பாருங்க" என்று அவரே சொன்னார்.

ஆகவே, எஞ்சிய தூண்களைத் துளையிட்டே அமைக்க உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். கருவி வந்து சேர நாளாகுமெனில், அதுவரை மணிக்கு ஐந்து நிமிடமாவது சம்மட்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அவளைச் சமையற்கட்டுக்கு அனுப்பிவிட்டு நான் தட்டிப் பார்க்கிறேன். தட்டியது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) ம. சவரி

இடம்: தருமபுரி
நாள்: 24-2-1986